ஒன்பது முறை எழுதிய பெயர்

ஆன்டிகுவாவில், க்ரீன் பாண்ட் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் போனபோது டெல்சி ஜார்விஸுக்குப் பதினோரு வயதுகூட நிறையவில்லை. அதற்குள்ளேயே, யாராவது ஒன்றைச் சொன்னால் இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி சொல்ல வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது.

அது அவளுடைய அப்பாவால் வந்தது. அவர் செயின்ட் தாமஸ் தீவில் கட்டட வேலைக்குப் போனவர். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று நாலு வருஷம் சொன்னார். ஒரு வருஷம் மேஸ்திரி விடவில்லை, ஒரு வருஷம் கப்பல் கிடைக்கவில்லை, ஒரு வருஷம் கால் சுளுக்கு. கடைசியில் அங்கிருந்து வந்த ஒருத்தி ஞானஸ்நானப் படம் ஒன்றைக் காட்டினாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு குழந்தையை ஏந்தி நின்றார். பக்கத்தில் ஒரு பெண். அம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வழக்கம் போல ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலைக்குப் போய்விட்டாள். டெல்சிதான் வாசலில் உட்கார்ந்து அப்பா தொலைபேசியில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒழுங்காகக் கேட்டிருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அதிலிருந்து அவள் எதையும் சும்மா கேட்டதில்லை.

அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் மார்வா. முதல் வகுப்பிலிருந்து இருவரும் ஜன்னலோர பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள். மார்வா வகுப்பிலேயே உயரம். வலைப்பந்து வளையத்தில் அவள் போட்டால் விழாது என்ற பேச்சே கிடையாது. டெல்சி குள்ளம், ஒரு கண் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கும். மார்வா பக்கத்தில் இருக்கும்வரை அந்தக் கண்ணைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. பதிலுக்கு டெல்சி செய்தது ஒரே வேலை. மார்வாவுக்குப் படிக்க வராது. எழுத்துகள் அவள் கண்முன் இடம் மாறும். வாசிக்க எழுந்தால் டெல்சி உதடு அசையாமல் ஒவ்வொரு வரியாகக் கிசுகிசுப்பாள், மார்வா அதை உரக்கச் சொல்வாள். சொல்வதை எழுதச் சொன்னால் டெல்சி நோட்டைச் சாய்த்துக் காட்டுவாள். இதை அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து வருஷமாக நடந்துவந்தது, அவ்வளவுதான்.

எரிமலை வெடித்து மான்ட்செராட் தீவின் தெற்குப் பக்கம் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. காற்று திரும்பிய நாட்களில் அங்கிருந்து சாம்பல் வந்து ஆன்டிகுவாவின் கொடித் துணிகளில்கூட உட்காரும். ஆட்களும் படகில் வந்து இறங்கினார்கள். அக்டோபர் முதல் வாரம், ஜோவிட்டா ஃபாரெல் என்ற பெண்ணைத் தலைமையாசிரியர் வகுப்புக்குக் கூட்டிவந்தார். குளத்துப் பக்கம் இருக்கும் சித்தி வீட்டில் தங்குகிறாள் என்றார். மெலிந்த பெண், இஸ்திரி போட்ட சீருடை, கையில் மடித்த கைக்குட்டை. பெயரைச் சொல்வதற்குள் இரண்டு முறை இருமினாள். அவள் பேசிய விதத்தைக் கேட்டுப் பையன்கள் சிரித்தார்கள். மதியத்துக்குள் கெல்வர்ன் என்ற வாயாடிப் பையன் அவளுக்குச் 'சாம்பல்' என்று பெயர் வைத்துவிட்டான்.

வகுப்பாசிரியை மிஸ் நிப்ஸ் அவளை எங்கே உட்கார வைக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தார். இருமுகிற பிள்ளை, காற்று வரட்டும் என்று சொல்லி ஜன்னலோர பெஞ்சுக்கு அனுப்பினார். டெல்சி நகர்ந்து ஓரத்தில் இடம் கொடுத்தாள்.

"ஓரத்துல வேண்டாம், நடுவுல உக்காரட்டும்" என்றார் மிஸ் நிப்ஸ்.

ஓரத்தில்தான் காற்று அதிகம், பின்னே ஏன் நடுவில் என்று டெல்சி அன்று முழுவதும் யோசித்தாள்.

முதல் கஷ்டம் மறுநாளே வந்தது. மார்வாவை வாசிக்கச் சொன்னார்கள். டெல்சி கிசுகிசுத்தது ஜோவிட்டாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஜோவிட்டா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அது அவள் காதில் விழுகிறது என்பது டெல்சிக்குத் தெரிந்தது. மார்வா இரண்டு இடத்தில் தடுமாறி உட்கார்ந்தாள். இனி இந்தப் பெண் மிஸ்ஸிடம் சொல்லிவிடுவாள் என்று டெல்சி காத்திருந்தாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட டெல்சிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறவள் அதை எதற்கோ சேர்த்து வைக்கிறாள் என்றுதான் அவளுக்குப் பட்டது.

பிறகு மார்வா மதிய நேரத்தில் காணாமல் போக ஆரம்பித்தாள். சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு, வலைப்பந்து விளையாடப் போகிறேன் என்பாள். டெல்சி ஒருநாள் போய்ப் பார்த்தாள். வளையத்தின் கீழே இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. ஜோவிட்டாவும் எங்கேயும் இல்லை. மணி அடித்ததும் இருவரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து வந்தார்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு, சேர்ந்து வராதவர்கள் போல.

"விளையாடினியாடி?" என்று டெல்சி கேட்டாள்.

"ம். நல்ல வெயில்" என்றாள் மார்வா. அவள் முகத்தில் வியர்வையே இல்லை.

அந்த வாரம் சனிக்கிழமை, எப்போதும் போல மார்வாவைக் கூப்பிட அவள் வீட்டுக்குப் போனாள். கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று மார்வாவின் அம்மா சொன்னார். டெல்சி வரும் வழியில் கோயிலைப் பார்த்தாள். கதவு பூட்டியிருந்தது. இரண்டு பொய். ஒன்று தவறுதலாக இருக்கலாம், இரண்டு அப்படி இருக்க முடியாது. அப்பாவின் சுளுக்கிய கால் அவள் ஞாபகத்துக்கு வந்தது.

அதன்பின் அவள் கண் அந்த பெஞ்சை விட்டு நகரவில்லை. ஜோவிட்டாவின் பையிலிருந்து மடித்த காகிதம் மார்வாவின் பைக்குப் போவதைப் பார்த்தாள். மார்வா ஏதோ நினைத்து வாய்க்குள் சிரிப்பதைப் பார்த்தாள். ஒருமுறை இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது தன் பெயர் காதில் விழுந்தது போலிருந்தது. கிட்டே போனதும் பேச்சு நின்றது.

அக்டோபர் கடைசியில், எல்லோரும் வெளியே வரிசையில் நின்ற நேரம், டெல்சி வயிற்று வலி என்று சொல்லி வகுப்பில் தங்கினாள். மார்வாவின் பையைத் திறந்தாள். அதுவரை அவள் அந்தப் பையைக் கேட்காமல் தொட்டதில்லை. கணக்கு நோட்டுக்குள் காகிதம் இருந்தது. நாலாக மடித்தது. பிரித்தாள்.

அவள் பெயர் இருந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக, டெல்சி, டெல்சி என்று ஒன்பது முறை. அமுக்கி எழுதிய கோணல் எழுத்து. சிலவற்றில் ஒரு எழுத்து தலைகீழாக நின்றது. நாலைந்தின் மேல் கோடு கிழித்திருந்தது. காகிதத்தில் வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

க்ரீன் பாண்டில் எந்தப் பிள்ளைக்கும் அதற்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவரின் பெயரை ஒன்பது முறை எழுதி, செருப்புக்குள் வைத்து மிதித்தாலோ புட்டியில் அடைத்துப் புதைத்தாலோ என்ன ஆகும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒபியா என்பார்கள். செய்வினை. மான்ட்செராட்காரர்கள் அதில் கைதேர்ந்தவர்கள் என்று டெல்சி பெரியவர்கள் பேசக் கேட்டிருந்தாள். காகிதத்தை அதே மடிப்பில் வைத்தாள். நோட்டைப் பைக்குள் தள்ளினாள். அன்று ராத்திரி அவளுக்கு நிஜமாகவே வயிறு வலித்தது.

அம்மாவிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். பையைத் திறந்ததைச் சொல்ல வேண்டி வரும். மார்வாவிடம் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் மூன்றாவது பொய் வரும். அதைக் கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

திங்கட்கிழமை காலையில் கெல்வர்னுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒன்றைச் சொன்னால் அது ஊருக்கே சொன்ன மாதிரி ஆக வேண்டும் என்றால் அவனிடம்தான் சொல்ல வேண்டும்.

"எங்கம்மா வேலை செய்யற ஹோட்டல்ல மான்ட்செராட் ஆளுங்க தங்கின ரூமையெல்லாம் பூட்டிட்டாங்களாம்" என்றாள். "அந்த இருமல் தொத்துமாம். படுக்கை விரிப்பைக்கூட எரிச்சுட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாதே."

அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மா அந்த ஹோட்டலில் மான்ட்செராட் ஆள் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. படுக்கை விரிப்பு என்ற விவரம் மட்டும் பேசும்போதே தானாக வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததில் டெல்சிக்கே ஆச்சரியம்.

மூன்று நாளில் பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. முன் பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஜோவிட்டா தண்ணீர் குடித்த குவளையை யாரோ வெளியே வீசினார்கள். வெள்ளிக்கிழமை ஆறு தாய்மார் தலைமையாசிரியரின் அறைக்கு வந்தார்கள். அந்தப் பெண் இருந்தால் எங்கள் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். வந்தவர்களில் ஒருத்தி, இதைச் சொன்னது ஹோட்டலில் வேலை செய்கிற ஆளாம் என்று அடித்துச் சொன்னாள். ஜோவிட்டாவுக்குத் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். அங்கிருந்து கரும்பலகை பாதிதான் தெரியும்.

அன்று மார்வா செய்ததை டெல்சி எதிர்பார்க்கவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து, யாரையும் கேட்காமல் தாழ்வாரத்துக்குப் போய், ஜோவிட்டாவின் நாற்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மிஸ் நிப்ஸ் பாடத்தைத் தொடர்ந்தார். சாயங்காலம் மார்வாவின் அம்மா வந்து அவள் காதைப் பிடித்து இழுத்துப்போனார். அடுத்த திங்கட்கிழமை, டாக்டர் கடிதம் கொண்டுவரும்வரை ஜோவிட்டா வீட்டிலேயே இருக்கட்டும் என்று உத்தரவு வந்தது.

பெஞ்ச் மறுபடியும் இருவருக்கு ஆனது. டெல்சி நடுவுக்கு நகர்ந்தாள். மார்வா தன் பையை எடுத்து இருவருக்கும் இடையில் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் டெல்சிக்குப் பிடிபடவில்லை. இவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா? கெல்வர்ன் சொல்லியிருப்பானா? கெல்வர்னிடமே கேட்டாள். மார்வாகிட்ட நான் ஏன் பேசப்போறேன் என்று அவன் தோளைக் குலுக்கினான். அதையும் அவள் நம்பவில்லை.

நவம்பர் இருபத்தாறு டெல்சியின் பிறந்தநாள். அம்மா சர்க்கரைவள்ளிக்கிழங்கும் தேங்காயும் துருவி, வாழையிலையில் கட்டி, டுக்கானா அவித்துக் கொடுத்திருந்தாள். மதியம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து டெல்சி ஒன்றை மார்வாவிடம் நீட்டினாள். மார்வா அதை வாங்கி மடியில் வைத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். மாவுப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை. மேலே ஒரு மஞ்சள் பூ வரைந்திருந்தது. கீழே பெரிய பெரிய எழுத்தில், டெல்சிக்கு, இதை நானே எழுதினேன், மார்வா. டெல்சியின் பெயரில் ஒரு பிழையும் இல்லை. மற்றதில் இரண்டு பிழை இருந்தது.

"யாரு எழுதிக் குடுத்தா?" என்று டெல்சி கேட்டாள். கேட்ட பிறகுதான் கேள்வியின் அசிங்கம் அவளுக்கே தெரிந்தது.

"நான்தான்டி. அதுலயே போட்டிருக்கே." மார்வா வாழையிலையைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "ஜோவிட்டாவோட தம்பிக்கும் என்னை மாதிரியேதானாம், எழுத்து குதிக்குமாம். ஒரு காகிதத்தை வச்சு மத்த வரியை மறைச்சுட்டு, விரலால தொட்டுத் தொட்டுப் படிக்கணும். அவங்கம்மா அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களாம். உன் பேரைத்தான் முதல்ல எழுதினேன். எத்தனை தடவை. பொறந்தநாள் வரைக்கும் உனக்குத் தெரியக்கூடாதுன்னு அவதான் சொன்னா."

டெல்சி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடுகள் படுத்திருந்த வளையம், பூட்டிய கோயில், மடித்த காகிதம், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. இத்தனையையும் இவ்வளவு கவனமாகப் பார்த்தவள், பார்த்த ஒவ்வொன்றையும் சரியாகத்தான் பார்த்திருந்தாள், புரிந்துகொண்டதுதான் தப்பு. தான் கட்டிவிட்ட கதையை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தாள், நன்றி என்று மட்டும் வந்தது.

இன்னொன்றும் அவளுக்குள் இருந்தது, அதை அவள் பல வருஷம் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. வந்து எட்டு வாரம்கூட ஆகாத பெண் மார்வாவுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். ஐந்து வருஷம் பக்கத்தில் இருந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. தோன்றவில்லையா, வேண்டாம் என்று இருந்துவிட்டாளா?

டிசம்பரில் சுகாதார நிலையத்து நர்ஸ் பள்ளிக்கே வந்து, அந்த இருமல் சாம்பலை மூச்சில் இழுத்ததால் வந்தது, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். ஜோவிட்டா திரும்பி வந்தாள். பழையபடி நடுவில் உட்கார்ந்தாள். ஆனால் முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதை விடவில்லை. அவளுடைய சித்திக்கும் ஊர்மேல் மனசு விட்டுப்போயிருந்தது. ஜனவரியில், இங்கிலாந்தில் இருக்கும் மாமா வீட்டுக்கு அவளை அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், டெல்சி புளி உருண்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு குளத்துப் பக்கம் போனாள். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டே போனாள். ஜோவிட்டா வாசல் படலுக்கு வந்தாள். டெல்சி படலைத் திறக்கக் கை வைத்தாள். ஜோவிட்டா நாலடி பின்னால் போய், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கிட்ட வராதே" என்றாள். "உனக்கு ஒட்டிக்கும்."

குரலில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. டெல்சி பையைப் படலில் மாட்டிவிட்டுத் திரும்பினாள். தெரிந்து சொன்னாளா, எல்லோரையும் அப்படித்தான் தள்ளி நிற்கச் சொல்லப் பழகிவிட்டாளா என்று அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

ஜூனில் பெரிய பரீட்சை. டெல்சி தேறி நகரத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். மார்வா தேறவில்லை, மறு வருஷம் எழுதித் தேறினாள். கடைசி நாளன்று மிஸ் நிப்ஸ் டெல்சியை மட்டும் நிறுத்தி, நீ கிசுகிசுப்பது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும், அதனால்தான் நடுவில் ஒரு ஆளை உட்கார வைத்தேன் என்றார். படலைத் தாண்டி ஜோவிட்டா சொன்னதைவிட அது அவளை அதிகம் வெட்கப்பட வைத்தது.

டெல்சி வளர்ந்து சுகாதார நிலையத்தில் பதிவு எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொண்டாள், நாலு வருஷத்தில் பிரிந்தாள். பிரிந்ததற்கு அந்த மனிதன் மேல் தவறில்லை, அவன் சொன்னதையெல்லாம் அவள் இரண்டு முறை கேட்டதுதான் காரணம் என்று அவள் அம்மாவே சொல்வாள். ஒரு மகள் உண்டு. மார்வா பயணிகள் பஸ் ஓட்டினாள். இருவரும் ஒரே தெருவில்தான் வீடு கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் சமைத்தால் சோளமாவுக் களியும் மிளகுக் குழம்பும் மற்ற வீட்டுக்குப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் பிரிக்க முடியாத சிநேகம்.

பார்புடா தீவைப் புயல் துடைத்துப் போட்ட வருஷம், அங்கிருந்த மொத்த ஜனமும் ஆன்டிகுவாவுக்கு வந்து இறங்கியது. ஒருநாள் காலை சுகாதார நிலையத்து வரிசையில் பார்புடாப் பெண் ஒருத்தி தன் மகனோடு நின்றாள். பையனுக்குத் தோலில் தடிப்பு. வரிசையில் முன்னாலிருந்த இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அந்த முகாமில் என்னென்னவோ பரவுதாம், எனக்குத் தெரிஞ்சவங்க சொன்னாங்க என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னது மேஜை வரை கேட்டது.

டெல்சி பேனாவைக் கீழே வைத்தாள். பார்புடாப் பெண்ணைப் பெயர் சொல்லி முதலில் உள்ளே அனுப்பினாள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், இவளுக்கு வேண்டப்பட்டவளாக இருக்கும் என்றார்கள். அவர்களிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருந்தது வேறொருத்தியிடம்.

சாயங்காலம் பஸ் நிலையத்தில் மார்வாவின் பஸ் ஆள் சேர்வதற்காக நின்றிருந்தது. டெல்சி முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுநர் கண்ணாடியைப் பார்க்காமல், ஹோட்டல், பூட்டிய அறை, படுக்கை விரிப்பு என்று எல்லாவற்றையும் சொன்னாள். பையைத் திறந்ததையும் சொன்னாள். இருபத்தொரு வருஷம் கழித்துச் சொல்வதற்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது.

மார்வா ஒரு பயணியிடம் டிக்கெட்டுக்கான சில்லறையை வாங்கிப் போட்டாள். பிறகு சொன்னாள்:

"கெல்வர்ன் அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டான்டி."

டெல்சி இப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தாள். "அப்புறம் ஏன் அந்த அட்டையைக் குடுத்தே?"

"எழுதி முடிச்சிருந்தேனே. ஆறு வாரம் கஷ்டப்பட்டு எழுதினது. தூக்கிப் போட மனசு வரலை." மார்வா இன்ஜினைக் கிளப்பினாள். "நீயே சொல்வேன்னு பார்த்தேன். முதல்ல ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் பழகிப்போச்சு."

"ஜோவிட்டாவுக்குத் தெரியுமா?"

"அதை நீ அவகிட்டதான் கேக்கணும்."

பஸ் கிளம்பியது. பின்னால் யாரோ பாட்டைச் சத்தமாக வைக்கச் சொன்னார்கள், மார்வா வைத்தாள். அவள் மன்னித்துவிட்டாளா என்று டெல்சி கேட்கவில்லை. சந்தையைத் தாண்டி, கரும்பு ஆலை இடிந்து கிடக்கும் வளைவைத் தாண்டி, வண்டி மேட்டில் ஏறியது. மார்வா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று டெல்சி பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும் இடம் வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிறாயா, நான் வாங்கட்டுமா என்று மார்வா கேட்டாள். நானே வாங்குகிறேன் என்று சொல்லி டெல்சி இறங்கினாள்.